கைமாற்று

வெள்ளரி ஊறிய ஜாடிகள் ஏழு.
எத்தனை முறை கழுவினாலும் சதகுப்பை வாசம் போகாது.
ராதோம் நகரத்துக் கடைக்காரர்கள்
எங்கள் நோட்டை வாங்கும்போது
ஒரு கணம் மூக்கைச் சுளிப்பது அதனால்தான்.

பத்தாம் தேதி சம்பளம்.
அன்றிரவு ஹல்ஷ்கா மேசையைத் துடைத்துவிட்டு
ஈரம் காயும்வரை காத்திருப்பாள்.
நான் பகலெல்லாம் ஒன்பதாம் எண் பேருந்தை ஓட்டியவன்,
அவள் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிடுவேன்.
நிலக்கரி. குளிர்கால டயர்.
யாக்னாவின் பள்ளிக்கூடம். கிறிஸ்துமஸ் கெண்டை.
நவம்பர் முதல் தேதிக்குக் கல்லறை மெழுகுவர்த்தி
(எங்கள் ஆட்கள் நான்கு ஊர்களில் கிடக்கிறார்கள்,
செத்தும் ஒரே இடத்தில் சேர மனமில்லை,
பெட்ரோலும் அந்த ஜாடியிலிருந்துதான்).
'இன்னும் தெரியாதது' என்று ஒன்று.
கடைசியாக, ஜன்னலோரம், 'பல்'.

கீழ்வரிசை, இடப்பக்கம், பின்னாலிருந்து இரண்டாவது.
வேரைச் சுத்தம் செய்து மூடி போட
ஆயிரத்து எண்ணூறு ஸ்லோட்டி.
சொத்து என்று எங்களுக்கு எதுவும் இல்லை,
இந்தச் சொத்தை ஒன்றுதான் என்பாள்,
வலப்பக்கமாகச் சிரித்தபடி.

ஒரு ஜாடியிலிருந்து இன்னொன்றுக்கு எடுக்கலாம்.
ஆனால் சீட்டு எழுதிப் போட வேண்டும்:
தேதி, தொகை, எதற்கு, எப்போது திரும்பும்.
பிப்ரவரியில் பனி நிற்கவில்லை,
நிலக்கரி ஜாடி பல்லிடம் கைநீட்டியது.
டயர் கைநீட்டியது.
யாக்னாவின் காலணி ஒரே வருடத்தில்
இரண்டு முறை சிறுத்துப்போனது.
எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு
அந்தக் குளிர்காலத்தைத் தள்ளினோம்.
அவளால் அதுவும் முடியாது,
கடித்தால் வலிக்கும்.

இதைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன்:
ஒரு நாள் பணிமனைக்குப் போகும் வழியில்
சுரண்டல் லாட்டரி வாங்கினேன். ஆறு.
பல் ஜாடியிலிருந்து அறுபது ஸ்லோட்டி.
பேருந்துச் சாவியாலேயே சுரண்டினேன்.
ஆறு சீட்டும் குப்பைக்கூடைக்குப் போயின.
போட வேண்டிய அந்த ஒரு சீட்டை
நான் எழுதவே இல்லை.

செப்டம்பரில், பிளம் பழக் கொழுக்கட்டை.
ஒன்றில் மட்டும் கொட்டை எடுக்க மறந்திருக்கிறாள்,
அது அவள் தட்டுக்கே வந்தது.
சத்தம் எனக்குக் கேட்டது.
தட்டின் விளிம்பில் அதை எடுத்து வைத்தாள்,
பாதிப் பல். பழுப்பு. அவ்வளவு சின்னது.
மிச்சத்தை அரசு மருத்துவமனையில் பிடுங்கினார்கள், இலவசமாக.

வாய் நிறையப் பஞ்சோடு வந்து
கோட்டைக்கூடக் கழற்றாமல்
ஜாடியை மேசைமேல் கவிழ்த்தாள்.
பதினோரு ஸ்லோட்டி நாணயம்,
மற்றதெல்லாம் காகிதம்.
பேச முடியாததால் யாக்னாவிடம் நீட்டினாள், படி என்று.

குழந்தை வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோலப் படித்தாள்.
நிலக்கரிக்கு நூற்றிருபது, மார்ச்சில் திரும்பும்.
காலணிக்குத் தொண்ணூறு, ஈஸ்டருக்குப் பிறகு.
டயருக்கு இருநூறு, பார்க்கலாம்.
நான் மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன்.
எங்கே அறுபது குறையும், எப்போது நிமிர்ந்து பார்ப்பாள் என்று.

குறையவில்லை.
யாக்னா ஒரு சின்னச் சீட்டைப் பிரித்தாள்.
ஹல்ஷ்காவின் கையெழுத்து, நான் எடுத்த அதே நாள்:
"அவருக்கு அறுபது. எதற்கென்று சொல்லவில்லை.
எப்போது திரும்பும்" என்ற இடத்தில்
ஒரு கோடு மட்டும்.

யாக்னா என்னைப் பார்த்தாள்.
ஹல்ஷ்கா பஞ்சை மாற்றப் போய்விட்டாள்.

ஜாடியில் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது.
போன பத்தாம் தேதி என் அறுபது உள்ளே போனது,
டயர் முப்பது கொடுத்தது.
பல்தான் இல்லையே, யாருக்கு இது? என்றாள் யாக்னா.
வாங்கினோம் இல்லையா, என்றாள் அம்மா.
எண்ணும்போது அவள் நாக்கு
அந்தக் காலி இடத்துக்குப் போய்ப் போய் வருகிறது,
அங்கேயும் யாராவது
சீட்டு வைத்திருக்கிறார்களா என்று தேடுவதுபோல.
நான் இப்போதெல்லாம் தூங்குவதில்லை.